தீவட்டி பிடிப்பவருக்கு எவ்வளவு கூலி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மேசையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டமே அரை மணி நேரம் நின்றுபோனது. காரணம் டிராகன் இல்லை, கூலி. ஒரு நண்பன் ஆடும் வீரன், கதையில் வரும் ஊர்ச் சந்தையில் இரண்டு சுமையாட்களை நாளுக்கு 2 வெள்ளிக் காசு பேசி அழைத்து வந்திருந்தான். நாலு நாள் கூலியை முன்பணமாகவே கொடுத்துவிட்டான். காப்ளின்கள் என்னும் குட்டிப் பூதங்கள் குடியிருக்கும் குகையில் மூன்றாவது அறை. இருட்டுக்குள்ளிருந்து முதல் அம்பு வந்து சுவரில் பட்டதுதான் தாமதம், இரண்டு பேரும் மூட்டையோடு வந்த வழியே ஓட்டம் பிடித்தார்கள்.

"விதிப்புத்தகத்துல போட்டிருக்கிற கூலியைத்தானே கொடுத்தேன்!" என்று அந்த நண்பன் கத்தினான். "ரெண்டு வெள்ளிக்கு உனக்குப் பதிலா அம்பை நெஞ்சுல வாங்குவாங்களா?" என்றான் இன்னொருவன். மூன்றாமவன் ஒன்றும் பேசாமல் கைபேசியில் அன்றைய தங்க விலையைத் தேட ஆரம்பித்தான்.

இந்த மூன்று பேர் சொன்னதையும் செய்ததையும்தான் நான் எந்த மேசைக்குப் போனாலும் பார்க்கிறேன். ஆளுக்கொரு கணக்கு, எதுவும் ஒட்டாது. இந்த விளையாட்டுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக, விஷயத்தை அடியிலிருந்து பார்க்கலாம்.

யார் இந்தக் கூலியாட்கள்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து வெளியிட்ட விளையாட்டு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஒரு சாகசக் கதையை நடத்துவார்கள். கதையின் உலகத்தையும் மற்ற எல்லா மனிதர்களையும் நடத்துபவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். எங்கள் மேசையில் அது நான்தான்.

நிலவறைக்குள் போகும் வீரர்களுக்குக் கை போதாது. ஒருவர் தீவட்டி பிடிக்க வேண்டும், ஒருவர் மூட்டை சுமக்க வேண்டும், வெளியே குதிரைகளை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படி நாள்கூலிக்கு வருபவர் ஹையர்லிங். கூலியைத் தாண்டி, கூடவே உள்ளே வந்து, ஆபத்தில் தோள் கொடுத்து, கொள்ளையில் பங்கும் வாங்குபவர் ரிட்டெய்னர். கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்தவருக்கும், கடையில் பத்து வருஷமாக முதலாளியோடு நிற்கும் ஆளுக்கும் உள்ள வித்தியாசம் இது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது.

தங்கத்தை ரூபாயாக மாற்றாதீர்கள்

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி ஒரு தங்கக் காசு என்பது 10 வெள்ளிக் காசு, ஒரு வெள்ளி என்பது 10 செப்புக் காசு. ஐம்பது காசு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதாவது ஒரு காசு கிட்டத்தட்ட 9 கிராம், நம்முடைய ஒரு சவரனைவிடச் சற்று அதிகம்.

இப்போது அதே புத்தகத்தின் விலைப் பட்டியலைப் பாருங்கள். ஒரு ஆடு 1 தங்கம். ஒரு சவரனுக்கு ஒரு ஆடு! பசு 10 தங்கம். கைத்தொழில் தெரிந்த ஒரு ஆளின் ஒரு நாள் கூலி 2 தங்கம். நாளுக்கு இரண்டு சவரன் வாங்கும் தச்சனை எந்த ஊரில் பார்த்தோம்? நம் ஊர்த் தங்க விலையால் பெருக்கினால் இப்படித்தான் பைத்தியக்காரத்தனமாகப் போய் முடியும். அந்த உலகத்தில் தங்கம் மலிவு, அவ்வளவுதான்.

ஏன் மலிவு என்பதற்குக் கைகாக்ஸே ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். 1970களின் கடைசியில் எழுதிய விதிகளில், தன் விலைகளை அலாஸ்காவில் தங்க வேட்டை நடந்த காலத்து ஊர்களோடு ஒப்பிடுகிறார். அங்கே ஒரு முட்டை ஒரு டாலருக்கு விற்றதாம். சாகசக்காரர்கள் நிலவறையிலிருந்து மூட்டை மூட்டையாகத் தங்கத்தைக் கொண்டுவந்து ஊரில் கொட்டினால் அங்கேயும் அதே கதைதான்.

சரியான அளவுகோல்: ஒரு நாள் பிழைப்பு

அப்படியானால் கூலியை எதை வைத்து அளப்பது? அந்த ஊரில் ஒரு நாள் உயிர் வாழ எவ்வளவு ஆகிறது என்பதை வைத்து. இதற்கு ஐந்தாம் பதிப்பிலேயே ஒரு பட்டியல் உண்டு. வாழ்க்கைத்தரச் செலவு என்று வைத்துக்கொள்ளலாம்: சாப்பாடு, தங்குமிடம், துணிமணி எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஆகும் தொகை. குப்பைமேட்டுப் பிழைப்புக்கு 1 வெள்ளி. ஏழைப் பிழைப்புக்கு 2 வெள்ளி. சுமாரான வாழ்க்கைக்கு 1 தங்கம். வசதியான வாழ்க்கைக்கு 2 தங்கம். பணக்காரருக்கு 4, பிரபுவுக்குக் குறைந்தது 10.

இதற்குப் பக்கத்தில் கூலிப் பட்டியலை வையுங்கள். தொழில் தெரியாத ஆளுக்கு நாளுக்கு 2 வெள்ளி. தொழில் தெரிந்தவருக்கு 2 தங்கம். முதல் தொகை ஏழைப் பிழைப்பின் செலவோடு காசு பிசகாமல் பொருந்துகிறது. இரண்டாவது வசதியான வாழ்க்கையின் செலவோடு. தற்செயல் மாதிரித் தெரியவில்லை. விதிப்புத்தகம் சொல்லாமல் சொல்வது இது: சுமையாள் சம்பாதிப்பது அன்றைக்கே தீர்ந்துவிடும். கைக்கும் வாய்க்கும் சரி. மழை பெய்து ஒரு நாள் வேலை இல்லாவிட்டால் அன்று அடுப்பு எரியாது.

எங்கள் நண்பன் கவனிக்காத இன்னொரு விஷயமும் அதே பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கூலி குறைந்தபட்சக் கூலி என்றுதான் எழுதியிருக்கிறது. "இவ்வளவுதான் கொடுக்க வேண்டும்" என்று எங்கும் இல்லை. பேருந்து நிலையத்தில் ஆட்டோவுக்குக் குறைந்தபட்சக் கட்டணத்தைச் சொல்லி, அதே காசுக்கு மலை உச்சிவரை கொண்டுபோய் விடச் சொன்னால் எப்படி இருக்கும்?

இதுவரை வந்த இடம்: தங்க விலை உதவாது. அந்த உலகத்தின் ஒரு நாள் பிழைப்போடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டால், பட்டியல் கூலி வயிற்றுப்பாட்டுக்கு மட்டுமே காணும்.

பத்து மடங்கு இடைவெளி நியாயமா?

2 வெள்ளி ஒரு பக்கம், 2 தங்கம் மறுபக்கம். பத்து மடங்கு. கட்டட வேலை நடக்கும் இடத்தில் போய்ப் பாருங்கள், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி வித்தியாசம் இருக்கும். ஆனால் பத்து மடங்கு இருக்காது. அப்படி இருந்தால் மறுநாள் சித்தாள் ஒருவரும் வரமாட்டார்.

விளையாட்டு எந்தக் காலத்தைப் பார்த்து வரைந்ததோ அந்தக் காலத்து இங்கிலாந்திலும் அப்படி இல்லை. அங்கே 1351இல் தொழிலாளர் சட்டம் ஒன்று வந்தது. அது விதித்த கூலி: தலைமைத் தச்சருக்கு நாளுக்கு 3 பென்னி, மற்றத் தச்சருக்கு 2, கொத்தர்களுக்கு உதவும் எடுபிடிக்கு ஒன்றரை, களை எடுக்கவும் வைக்கோல் உலர்த்தவும் வருபவருக்கு 1. களை எடுப்பவருக்கும் தலைமைத் தச்சருக்கும் மூன்று மடங்குதான்.

2003இல் வந்த 3.5 பதிப்பு இதற்கு நெருக்கமாக இருந்தது: தொழில் தெரியாதவருக்கு 1 வெள்ளி, தெரிந்தவருக்கு 3. கூலி விஷயத்தில் மட்டும் எனக்கு அந்தப் பழைய கணக்குதான் பிடிக்கும். ஐந்தாம் பதிப்பை ஆடும்போதும், எங்கள் ஊர்ச் சந்தையில் நல்ல அனுபவமுள்ள சுமையாளுக்கு 5, 6 வெள்ளிகூடக் கேட்க வைப்பேன். 2 வெள்ளிக்கும் 2 தங்கத்துக்கும் நடுவில் எந்தக் கூலியுமே இல்லாத ஊர் நம்பும்படியாக இல்லை.

ஊருக்குள் ஒரு விலை, வழியில் ஒரு விலை

முதலில் சாப்பாடு. பயணத்துக்கான உலர் உணவு ஒரு நாளுக்கு 5 வெள்ளி. கூலி 2 வெள்ளி. ஆக, ஊரைவிட்டு வெளியே கூட்டிப்போகும் ஆளைச் "சாப்பாடு உன் பாடு" என்று விட்டால், அவர் தினமும் 3 வெள்ளி கைக்காசு போட்டு உங்கள் மூட்டையைச் சுமக்கிறார். சாப்பாடு நம் பொறுப்பு என்று பேசாத ஒப்பந்தம் ஒப்பந்தமே இல்லை. வெளியூர் வேலைக்குப் போகிறவருக்குப் பேட்டா கொடுப்பது போலத்தான்.

அடுத்தது ஆபத்து. மேலே சொன்ன கூலி எல்லாம் பட்டப்பகலில், ஊருக்குள், அம்பு வராத இடத்தில் செய்யும் வேலைக்கு. பழைய விதிகளில் இது வெளிப்படையாகவே தெரியும். 1981இல் வந்த, எக்ஸ்பர்ட் என்ற பழைய விதிப்புத்தகத்தில் கூலிப்படை வீரருக்கு மாதச் சம்பளம் உண்டு. எளிய காலாள் என்றால் 2 தங்கம். போர்க்காலத்தில் அது இரட்டிப்பாகும். அப்படியும் அவர்கள் நிலவறைக்குள் வருவதில்லை. கோட்டைக்குக் காவல் நிற்பார்கள், களத்தில் அணிவகுப்பார்கள், இருட்டுக் குழிக்குள் இறங்கச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். கத்தி பிடித்தவனே வரமாட்டேன் என்கிற இடத்துக்கு, வெறும் தீவட்டியோடு ஒருவரைக் கூப்பிடுகிறோம்.

சரி, ஆபத்துக்குக் கூலியை எத்தனை மடங்கு ஏற்றுவது? நம் ஆங்கிலேயர்களிடமே திரும்பிப் போவோம். 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் படையில் நடந்துபோகும் வில்லாளிக்கு நாளுக்கு 3 பென்னி. சட்டப்படி தலைமைத் தச்சர் வாங்குவதும் அதே 3 பென்னி. ஒருவர் கூரைக்கு மரம் இழைக்கிறார், ஒருவர் பிரான்சில் குதிரைப்படைக்கு எதிரே நிற்கிறார். நாள்கூலியை மட்டும் பார்த்தால் யாருக்கும் பிரான்சுக்குப் போகத் தோன்றாது. அவரை இழுத்தது கூலி இல்லை, கொள்ளை. பிடித்த ஊரில் கிடைப்பதிலும், சிறைபிடித்த பிரபுவை விடுவிக்க வரும் பணத்திலும் தனக்கு ஒரு பங்கு கிடைக்கும் என்ற எண்ணம்.

பங்கு என்றால் என்ன

மீன்பிடி விசைப்படகுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில் படகுக்கு இத்தனை பங்கு, ஆட்களுக்கு இத்தனை பங்கு என்று பிரிப்பார்கள். மீன்பாடு இல்லையென்றால் எல்லோருக்கும் இல்லை. கடலில் என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாத தொழிலில் நிலையான சம்பளம் இரண்டு பக்கமும் சரிவராது.

நிலவறையும் அப்படிப்பட்ட இடம். அதனால்தான் பழைய பாணி விளையாட்டுகளில் ரிட்டெய்னருக்கு அரைப் பங்கு என்று ஒரு வழக்கம் வந்தது. கணக்கு எளிது. நாலு வீரர்கள், இரண்டு ரிட்டெய்னர்கள். வீரருக்கு ஒன்று, ரிட்டெய்னருக்கு அரை என்றால் மொத்தம் ஐந்து பங்கு. 600 தங்கம் கிடைத்தால் வீரருக்குத் தலா 120, ரிட்டெய்னருக்குத் தலா 60. அந்த 60 தங்கம் ஒரு சுமையாளின் 300 நாள் கூலி. ஒரு வருஷ உழைப்பு ஒரே பயணத்தில். உயிரைப் பணயம் வைக்க ஒரு ஏழைக்குக் காரணம் வேண்டுமென்றால், இது ஒரு காரணம்.

கை கால் போனால்? 17ஆம் நூற்றாண்டின் கரீபியன் கடற்கொள்ளையர்கள் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள். வலது கை போனால் 600 வெள்ளி நாணயம், இடது கைக்கு 500, ஒரு கண்ணுக்கு 100. இந்தத் தொகை முதலில் எடுத்து வைக்கப்படும். பங்கு பிரிப்பது அதற்கப்புறம்தான். கொள்ளைக்காரர்களுக்கு இருந்த இந்த ஒழுங்கு, தர்மவான் என்று எழுதி வைத்துக்கொண்டு ஆடும் பல கதாபாத்திரங்களிடம் இருப்பதில்லை.

இதைப் பார்த்துத்தான் எங்கள் மேசையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் சொந்தக் கணக்கு. ஊருக்குள் வேலை என்றால் பட்டியல் கூலி. பயணம் என்றால் இரட்டிப்பும் சாப்பாடும். நிலவறைக்குள் இறங்கினால் நாளுக்கு 2 தங்கம், இறங்கியவர் சுமையாளாகவே இருந்தாலும் சரி. இருட்டில் கை நடுங்காமல் தீவட்டி பிடித்து நிற்பதும் ஒரு தொழில்தான். இறந்துபோனால் வீட்டுக்கு ஒரு வருஷக் கூலி: 2 வெள்ளி வீதம் 365 நாளுக்கு 73 தங்கம்.

முதன்முறை இந்தக் கணக்கைச் சொன்னபோது "கட்டுப்படியாகாது" என்று எல்லோரும் குதித்தார்கள். ஒரு குணமூட்டும் மருந்துக் குப்பி 50 தங்கம் என்று ஞாபகப்படுத்தினேன். அதை இவர்கள் பாதிச் சண்டையில் யோசிக்காமல் குடிக்கிறார்கள். ஒரு சுமையாளின் ஒரு வருஷக் கூலி ஒன்றரைக் குப்பி. மேசை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

சுருக்கமாக: நாள்கூலி வயிற்றுக்கு, சாப்பாடு வழிக்கு, பங்கும் இழப்பீடும் உயிருக்கு. எங்கள் நண்பன் முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டும் கொடுத்தால் கிடைக்கும் விசுவாசத்தை எதிர்பார்த்தான்.

கூலி எங்கே பகடையாக மாறுகிறது

இதெல்லாம் டிஎம்மின் நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். விளையாட்டுக்குள்ளேயே இதற்கு ஒரு இயந்திரம் இருக்கிறது. அதன் பெயர் மொரேல்: ஒருவர் பயத்தில் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிப்பார் என்பதைக் காட்டும் எண்.

அதே 1981இல் வந்த, தொடக்க ஆட்டக்காரர்களுக்கான பேசிக் விதிகளில் இது மிக எளிமை. ரிட்டெய்னரின் மொரேல், அவரை வேலைக்கு எடுத்த கதாபாத்திரத்தின் கரிஸ்மாவைப் பொறுத்தது. கரிஸ்மா என்பது பேச்சாலும் தோரணையாலும் ஆட்களைக் கவரும் திறனுக்கான எண். சராசரிக் கரிஸ்மா இருந்தால் ரிட்டெய்னரின் மொரேல் 7. நெருக்கடி வரும்போது டிஎம் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுவார். கூட்டுத்தொகை மொரேலைத் தாண்டினால் ஆள் ஓட்டம்.

இரண்டு பகடையில் 36 விதமாக எண்கள் விழலாம். அதில் 7ஐத் தாண்டுபவை 15. அதாவது நூற்றுக்கு 42 தடவை ஓடிவிடுவார். நல்ல கூலி, மரியாதையான நடத்தை என்று பார்த்து டிஎம் ஒரு எண் கூட்டி மொரேலை 8 ஆக்கினால் 36இல் 10, நூற்றுக்கு 28. 9 ஆக்கினால் 36இல் 6, வெறும் 17. இரண்டே எண்தான், ஓடும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. கஞ்சத்தனம் பண்ணினால் எதிர்ப்பக்கம் போகும்: 6க்கு இறங்கினால் 36இல் 21, நூற்றுக்கு 58. வீரனுக்கு மந்திர வாளில் ஒரு எண் கூடுதலாகக் கிடைக்காதா என்று மாதக்கணக்கில் அலையும் ஆட்டக்காரர்கள், சில தங்கக் காசில் கிடைக்கும் இந்த எண்ணைக் கண்டுகொள்வதே இல்லை.

அதே பழைய விதிகளில் ஒவ்வொரு சாகசமும் முடிந்த பிறகும் ரிட்டெய்னரின் மொரேல் சோதிக்கப்படும். குகையில் ஓடாதவர், ஊருக்கு வந்து பங்கைப் பார்த்துவிட்டு "போதும்பா" என்று போய்விடலாம். ஐந்தாம் பதிப்பின் டிஎம் கையேட்டிலும் விசுவாசத்துக்கு ஒரு விருப்ப விதி உண்டு. பெரும்பாலான மேசைகளில் அதை யாரும் எடுப்பதில்லை.

ஊர் மறக்காது

ஆள் எடுக்கும் பேச்சுவார்த்தைக்கும் பழைய விதியில் பகடை இருக்கிறது. மிக மோசமாக விழுந்தால், வேலைக்கு அழைக்கப்பட்டவர் அவமானப்பட்டுப் போகிறார். அந்த வட்டாரத்தில் அடுத்து யாரிடம் கேட்டாலும் ஒரு எண் குறையும். ஒரு வரி விதிதான், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பேரைக் கூட்டிப்போய் அவர்கள் இல்லாமல் திரும்பியவர்களைப் பற்றி ஊர்ச் சாவடியில் என்ன பேசுவார்கள் என்பதை அந்த ஒரு எண் சொல்லிவிடுகிறது.

ஆள் குறைந்தால் கூலி ஏறும் என்பதும் உண்டு. மேலே சொன்ன 1351 சட்டமே, கொள்ளைநோய் வந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து, மிஞ்சியவர்கள் அதிகக் கூலி கேட்டதால், பழைய கூலியையே கட்டிப்போடக் கொண்டுவந்ததுதான். உங்கள் வீரர்கள் ஒரு சிற்றூரின் இளவட்டங்களை மூன்று தடவை குகைக்குக் கூட்டிப்போய்ப் பாதிப் பேரைத் திருப்பிக் கொண்டுவரவில்லை என்றால், நாலாவது தடவை 2 வெள்ளி விலை செல்லாது.

ஒரேயடியாக அள்ளிக் கொடுப்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஒரு தடவை எங்கள் குழுவின் மந்திரவாதி, போன தடவைக் கசப்பில், சுமையாட்களுக்கு நாளுக்கு 10 தங்கம் அறிவித்தாள். அது பிரபுவின் ஒரு நாள் செலவு. மறுநாள் காலை ஏரைப் போட்டுவிட்டு ஊரே வரிசையில் நின்றது. பண்ணையார் ஆளனுப்பி விசாரித்தார். வரிசையில் நின்றவர்களில் ஒருவன் சுமை தூக்க வந்தவன் இல்லை, மூட்டையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்தவன்.

அப்புறம் அந்த முதல் நண்பன். அடுத்த ஆட்டத்தில் மறுபடி சந்தைக்குப் போனான். இந்த முறை சாப்பாடு, நாளுக்கு 2 தங்கம், அரைப் பங்கு, இறந்தால் 73 தங்கம் என்று வரிசையாகச் சொன்னான். நான் சுமையாளாகப் பேசினேன்: "எல்லாம் சரி அண்ணே. அந்த 73ஐ இப்பவே சத்திரத்துக்காரர்கிட்ட கொடுத்து வச்சிருங்க. நான் திரும்பி வந்தா உங்களுக்கு, வரலைன்னா எங்கம்மாவுக்கு."

அவன் தன் வீரனின் காசுக் கணக்கு எழுதிய தாளை எடுத்து, பழைய தொகையை அழித்து, ரொம்ப நேரம் கழித்துப் புதிய தொகையை எழுதினான்.